இரண்டு வீட்டில் கிடந்த ஒரு கட்டில்

மெகர் அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நானும் என் மனைவி செல்வியும் புது பீரோவை எந்த அறையில் வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். விளாங்குடியில் எங்களுக்கு மூன்று அறை உள்ள சொந்த வீடு. அதில் இடம் போதவில்லை என்று எனக்குக் கோபம். அந்த நேரத்தில் செல்போன் அடித்தது. பேசியவர் முருகேசன் அண்ணன், பழைய வளவில் எங்களோடு குடியிருந்த ஆட்டோக்காரர். "தம்பி, நம்ம மெகரு அக்கா மௌத்தாயிருச்சாம்ப்பா. மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் எடுக்குறாகளாம். நீ வாரியா, எப்புடி?"

"வாரேண்ணே" என்றேன். செல்வியிடம் சொன்னதும் அவள் பீரோவின் மேலேயே கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். நான் செல்வியின் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தேன். துக்கம் மட்டும் அதற்குக் காரணமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தெற்குவாசல் பக்கத்து அந்த வளவில் என்னோடு இருந்த உங்களுக்கு அந்த இடத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அங்கே தவழ்ந்த உங்கள் பிள்ளைகள்கூட இப்போது மறந்திருப்பார்கள். ஒரு காலத்தில் அது ஒரே பெரிய வீடு. வீட்டுக்காரர் அதைச் சுவர் வைத்து அடைத்து எட்டுக் குடித்தனமாக ஆக்கியிருந்தார். நடுவில் முற்றம், ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். குடித்தனத்துக்கு ஓர் அறை, அதை ஒட்டி ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய அடுப்படி. எங்கள் அறைக்கு அடுத்த அறையில் மெகருன்னிசா அக்கா இருந்தார். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. கடைகளுக்கு உள்பாவாடை தைத்துக் கொடுத்துப் பிழைத்தார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவருடைய தையல் மெஷின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து வருடம் பக்கத்து வீடு என்றாலும் குழாயடியில் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதோடு சரி.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம், திருவாதவூரில் தனியாக இருந்த என் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப்போய் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. இந்த வயதில் ஆபரேசன் தாங்காது, படுக்கையிலேயே வைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். அம்மாவை ஒரு நாடாக் கட்டிலோடு வேனில் ஏற்றி வந்து வளவில் இறக்கினேன். கட்டிலை அறைக்குள் போட்ட பிறகுதான் புத்தி வந்தது. நான், செல்வி, இரண்டு பெண் பிள்ளைகள், டிரங்குப் பெட்டிகள், அரிசி டின், பாத்திரங்கள், அவற்றோடு கட்டில். கட்டிலைப் போட்டால் நாங்கள் நான்கு பேரும் படுக்க முடியாது. நாங்கள் படுத்தால் கட்டிலை வாசலுக்கு வெளியேதான் போட வேண்டும்.

முதல் வாரம் சமாளித்தோம். நான் முற்றத்தில் படுத்தேன். செல்வி அடுப்படியில் காலை மடக்கிக்கொண்டு படுத்தாள். இரண்டாவது வாரம் பெரியவள் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது மேலே அம்மாவுக்குப் படுக்கையிலேயே மூத்திரம் போய்விட்டது. புத்தகத்தோடு வெளியே வந்த பிள்ளை அழவில்லை. குழாயடியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் துடைத்தாள். அதைப் பார்த்துவிட்டு நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோச்சடையில் இருந்த என் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் காபி கொடுத்தார். "எடமிருந்தா வச்சுக்க மாட்டேனாடா? எங்க வீட்டுலயும் இதே கதைதான்" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. வேறு பெரிய வீட்டுக்குப் போக என் சம்பளம் பத்தாது. நான் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். மேலே பரண் கட்டலாம் என்று தச்சரைக் கூப்பிட்டேன்; அவர் சொன்ன மரத்தின் விலையைக் கேட்டு அவரையே திருப்பி அனுப்பினேன். வழியில்லாமல் போன நாட்களில் மனம் எங்கெங்கோ போகும். அம்மா சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்று நான் நினைத்தேன். ஒரு நாள் இல்லை, பல நாள் நினைத்தேன்.

கடைசியில் சுவரைக் குடைவது என்று முடிவெடுத்தேன். எங்களுக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்த சுவரில் ஓர் இடத்தில் தட்டினால் டொம்மென்று சத்தம் வரும். அங்கே குடைந்து ஓர் அலமாரி எடுத்தால் பாத்திரங்களும் பெட்டிகளும் சுவருக்குள் போய்விடும், ஓர் ஆள் படுக்க இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்காரர் ஆணி அடித்தாலே சத்தம் போடுகிற மனிதர். அவர் இல்லாத நாள் வேண்டும், வளவே இல்லாத நாளாக இருந்தால் இன்னும் நல்லது. மதுரையில் அப்படி ஒரு நாள்தான் உண்டு. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று விடிவதற்கு முன்பே வளவு காலியாகிவிடும். வீட்டுக்காரர் குடும்பமும் போய்விடும். செல்வியையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு, அம்மாவுக்குக் காவல் என்று சொல்லி நான் தங்கிவிட்டேன்.

நன்றாக விடிந்த பிறகு உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். பத்து அடி அடித்திருப்பேன், சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது. மண் வைத்துக் கட்டிய செங்கல். அடிக்க அடிக்க ஏதோ எதிரொலி கேட்பதாகத் தோன்றியது. வெறும் அறை, அப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கல்லை நெம்பித் தள்ளினேன். கல் அந்தப் பக்கம் விழுந்தது. "யா அல்லா!" என்று ஒரு சத்தம். ஓட்டை வழியாகப் பார்த்தால் முகமெல்லாம் செம்மண்ணோடு மெகர் அக்கா. அவர் கையில் கடப்பாரை.

அவரும் அதே இடத்தைத் தட்டிப் பார்த்திருக்கிறார். துணிக்கட்டுகளை வைக்க ஓர் அலமாரி எடுக்க வேண்டும் என்று அவரும் இதே நாளைப் பார்த்து வைத்திருக்கிறார். நான் இருமிய சத்தத்தை அம்மாவின் இருமல் என்று நினைத்தாராம். "அழகரு நாளும் அதுவுமா நீங்க ஆத்துக்குப் போகாம வீட்டுல இருப்பீகன்னு எவன் கண்டான்?" என்று என்னையே திட்டினார். "நீங்க வேடிக்கை பாக்கப் போகலியாக்கா?" என்றேன். "வருசா வருசம் போவேன். இந்த வருசந்தான் செவுத்த இடிக்கணுமேன்னு இருந்துட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார், நானும் சிரித்தேன். கட்டிலில் இருந்த அம்மா "என்னடா அங்க?" என்று முனகினார். அப்போதுதான் எனக்கு வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. இரண்டு குடித்தனமும் தெருவுக்கு வந்துவிடும். படுத்த படுக்கையான கிழவியைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்? சிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு பெண்பிள்ளை பார்க்கிறாரே என்ற வெட்கம்கூட இல்லை.

அக்கா ஓட்டைக்குள் தலையை விட்டு எங்கள் அறையை ஒரு சுற்று பார்த்தார். பத்து வருடத்தில் அப்போதுதான் பார்க்கிறார். அப்புறம் மேலே தட்டினார், கீழே தட்டினார். "தம்பி, இது செவுரு இல்ல, பழைய வாசல். மேல நிலைக்கட்ட அப்புடியே இருக்கு, விழாது. இன்னம் கீழ எடுங்க" என்றார். எதற்கு என்று கேட்டேன். "அம்மா கட்டில இப்புடித் திருப்பிப் போடுவோம். தல ஒங்க வீட்டுல இருக்கட்டும். காலு எங்க வீட்டுல இருந்துட்டுப் போகுது."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. சேர்ந்து இடித்தோம். ஆற்றிலிருந்து ஜனங்கள் திரும்பி வருவதற்குள் கட்டில் சுவருக்குள் பாதி புகுந்துவிட்டது. இரண்டு பக்கமும் அக்காவே உள்பாவாடைத் துணியில் திரை தைத்து மாட்டினார். எங்கள் அறையில் கட்டில் அடைத்திருந்த இடத்தில் பாதி எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அன்று முழுவதும் செல்வி அந்த வெறும் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அதோடு அக்கா விடவில்லை. மறுநாள் எங்கள் அறைக்குள் வந்து எல்லாச் சாமானையும் முற்றத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். "மொதல்ல நாலு பேரும் படுத்துக் காட்டுங்க" என்றார். பட்டப்பகலில் வெறும் தரையில் நானும் செல்வியும் பிள்ளைகளும் காலை நீட்டிப் படுத்தோம். எங்களைச் சுற்றி சாக்பீசால் கோடு போட்டார். "இது மனுசனுக்கு. இதுக்கு வெளியில உள்ளதுதான் சாமானுக்கு. மனுசனுக்கு எடத்தப் போட்டுட்டா சாமான் தானா ஒண்டிக்கிரும்" என்றார். பழைய பேண்ட் துணியில் வரிசையாகப் பை தைத்துக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டார். மிளகாய்த்தூள் டப்பாவிலிருந்து என் சவரக் கத்திவரை அதில் போயிற்று. கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி டிரங்குப் பெட்டிகளை அடியில் தள்ளினார். துணிகளை மடித்துத் தலையணை உறைக்குள் திணித்துவிட்டார். துணி வைக்கப் பெட்டியும் வேண்டாம், தலைக்குப் பஞ்சும் வேண்டாம். இதில் ஒரே வம்பு, என் ஆபீஸ் சட்டையும் சின்னவள் தலைக்கடியில் போனதுதான். "ஏன்யா, சட்டைய மென்னு துப்புனியா?" என்று வக்கீல் கேட்டார். இத்தனைக்கும் ஊசி நூல் தவிர எதற்கும் செலவில்லை.

ஆரம்பத்தில் அம்மா ஏற்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வந்த தண்ணீரைக்கூடக் குடிக்க மாட்டேன் என்றார். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தையலுக்கு நடுவே எழுந்து வந்து அம்மாவின் காலைப் பிடித்துவிட்டு, மடக்கி நீட்டி, எண்ணெய் தேய்த்துவிட்டுப் போவார். ஒரு மாதத்தில் அம்மா எங்களிடம், "தலையக் காட்டுனா நீங்க கஞ்சி ஊத்துறீக. காலக் காட்டுனா அவ பேச்சுத்தொணைக்கு வாரா. எனக்குக் காலு இருக்குற வீடுதான் பிடிச்சிருக்கு" என்றார். ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சிக்கு அம்மா மூன்று மணிக்கே காத்திருப்பார்.

அக்காவின் சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தனியாக இருக்கிற பொம்பளை சுவரைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பேச்சு வந்தது. "ஒரு கெழவி காலப் பாத்து எவனுக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்று அக்கா கேட்டது திரைக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது.

நான் கவனிக்காத ஒன்று இருந்தது. ஐப்பசி மழை பிடித்த ஒரு நாள் ஆபீசிலிருந்து நனைந்துகொண்டு வந்தேன். அக்கா தன் வாசலில், தாழ்வாரத்தில், மெஷினை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் மேல் பிளாஸ்டிக் தாள். அவர் முதுகு முழுக்கச் சாரல். "ஏங்க்கா வெளிய?" என்று கேட்டேன். "உள்ள வெளிச்சம் பத்தல தம்பி" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். அம்மாவின் கட்டில் நீட்டிக்கொண்டிருந்த இடம்தான் மெஷின் இருந்த இடம். ஆறு மாதமாக அவர் வெயிலிலும் மழையிலும் வாசலில்தான் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தினமும் அவரைத் தாண்டித்தான் நான் ஆபீஸ் போயிருக்கிறேன்.

வீட்டுக்காரருக்கு ஒரு நாள் தெரியத்தான் செய்தது. ஒழுகுகிற இடத்தைப் பார்க்க வந்தவர் திரையை விலக்கிவிட்டார். வளவே கூடிவிட்டது. இந்த மாதத்தோடு இரண்டு வீட்டையும் காலி பண்ண வேண்டும் என்று கத்தினார். அக்கா மெஷினிலிருந்து எழுந்து வந்தார். "நான்தான் இடிச்சேன். அந்தத் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. கடப்பார எங்க வீட்டுலதான் இருக்கு, வந்து பாருங்க. இந்தம்மா கண்ண மூடுற வரைக்கும் விட்டுருங்கண்ணே. மூடுன மறுவாரம் நானே கல்லு வச்சுப் பூசித் தாரேன். பூசலைன்னா என்னயத் தூக்கி வெளிய போடுங்க" என்றார். வீட்டுக்காரர் கட்டிலைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வைகாசியில் ஒரு காலை. நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் மெதுவாக வந்தது. "தம்பி, அம்மா காலு சில்லுன்னு இருக்கு. தலையத் தொட்டுப் பாருங்க." தொட்டுப் பார்த்தேன். அக்கா அந்தப் பக்கம் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். காரியங்கள் முடிந்ததும் சொன்ன சொல் தவறாமல் சாந்து குழைத்தார். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், வாசலை அடைத்தோம்.

இவ்வளவையும் சொன்னவன் மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

சில வருடங்களில் கடன் வாங்கி விளாங்குடியில் வீடு கட்டினோம். கிரகப்பிரவேசத்துக்கு அக்கா வந்தார். அறை அறையாகப் போய்ப் பார்த்தார். "எம்புட்டு எடம்! ஒருத்தர ஒருத்தர் தேடிப் பிடிக்கணும் போலயே" என்று செல்வியைக் கிண்டல் பண்ணினார். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வருடம் கழித்து, வளவை இடித்துக் கடை கட்டப்போகிறார்கள் என்று எல்லோரையும் காலி பண்ணச் சொன்னார்கள். அக்கா பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு அறுபது தாண்டியிருக்கும். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார். "தங்கச்சி வீட்டுல படுத்துக்கிருவேன் தம்பி. அதுக்கு எடம் இருக்கு. மெஷினுக்குத்தான் அங்க எடமில்ல. ஒங்க மாடிப்படிக்குக் கீழ போட்டுக்கிரட்டுமா? காலையில வாரேன், தச்சுட்டு சாயங்காலம் போயிருறேன். ஒங்களுக்கு எடஞ்சல் இருக்காது."

மாடிப்படிக்குக் கீழே அப்போது காலியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரம்தான் புதுத் தரை போட்டிருந்தோம். மெஷின் எண்ணெய் தரையில் படுமே என்று ஒரு நினைப்பு. பெரியவளைப் பெண் பார்க்க வருகிற நேரத்தில் வாசலில் துணிக்கட்டு கிடக்குமே என்று இன்னொரு நினைப்பு. இரண்டும் ஒரு நொடியில் வந்து போயின. "கொஞ்சம் வேலை நடக்குதுக்கா. அடுத்த மாசம் எடத்த ஒழிச்சுட்டு நானே வந்து கூப்புடுறேன்" என்றேன். அக்கா முகம் மாறவே இல்லை. "ஒண்ணும் அவசரமில்ல தம்பி, ஒங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் ஸ்டாப் வரை நான்தான் கூடப் போனேன்.

அடுத்த மாதம் வந்தது. பெண் பார்க்க வந்தார்கள், நிச்சயமாயிற்று, கல்யாணம் வந்தது. செல்வி இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள். மூன்றாவது தடவை, "நீங்க வேணாம்னும் சொல்லல. வான்னும் சொல்லல. அது ரொம்பக் கெட்டதுங்க" என்றாள். நான் அவள் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையை அக்காவுக்குத் தபாலில் அனுப்பினேன். நேரில் போகப் பயமாக இருந்தது.

செய்தி வந்த அன்று, அக்காவை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போன பிறகு, தங்கை வீட்டு வாசலில் நானும் முருகேசன் அண்ணனும் நின்றோம். தங்கையின் வீடு எங்கள் பழைய அறையைவிடச் சின்னது. தங்கை என்னை அடையாளம் கண்டு வெளியே வந்தார். மெஷினைப் பற்றி நானேதான் கேட்டேன். வாசலில் வைக்கவும் இடமில்லாமல் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஆனால் உடனே கொடுக்கவில்லையாம். ஒரு வருடத்துக்கு மேல் தெருமுனைக் கடைக்காரரைக் கெஞ்சி அவர் கடை ஓரத்தில் போட்டு வைத்திருந்தார்களாம். "விக்க மாட்டேன்னுட்டாகண்ணே" என்றார் தங்கை. "விளாங்குடித் தம்பி எடம் ஒழிச்சுக்கிட்டு இருக்குது, கூப்புட்டு விடும், சொன்னா சொன்னபடி செய்யும்னு எங்ககிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தாக. வாசல்ல ஆட்டோ வந்து நின்னாப் போதும், நீங்கதானான்னு எட்டிப் பாப்பாக."

அவர் என்னைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. துக்க வீட்டில் இறந்தவரைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் சொன்னார். முருகேசன் அண்ணன் என் தோளைத் தொட்டு, "வா தம்பி, போவோம்" என்றார்.

வளவில் இருந்தவர்களே, அக்காவின் சிரிப்பும் பேச்சும், எங்களுக்குப் போலவே அவர் உங்கள் வீடுகளிலும் தைத்து மாட்டிய பைகளும் உங்களுக்கு நினைவிருக்கும். அவற்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் வரமாட்டேன் என்று அவருக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. எனக்கு அக்கா விட்டுப்போனது அதுதான்.